மேரி வருவதற்குள் ஒரு மேஜை

சாப்பாட்டு மேஜைக்குக் குறுக்கே எஃகு அளவுகோலை நிறுத்தி, அதன் பின்னால் டார்ச்சைப் பிடித்து, கண்ணை மேஜை மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தார் கிறிஸ்டோபர். அளவுகோலுக்கு அடியில் வெளிச்சம் ஒழுகியது. ஓரங்களில் இல்லை. நட்டநடுவில். மேரி காலங்காலமாகக் குக்கரை இறக்கி வைத்த இடத்தில்.

"பள்ளம்," என்றார், யாருமில்லாத வீட்டைப் பார்த்து.

அந்தப் பள்ளம்தான் போன ஞாயிற்றுக்கிழமை அவர் மானத்தை வாங்கியது. பால்சா என்ற லேசான மரத்துண்டுகளை ஒட்டி ஒட்டி அவர் செய்த சின்ன விமானம், மைதானத்தில் எறிந்ததும் நேராகப் போகாமல் இடது பக்கம் சாய்ந்து, ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் தபேலா என்று சொல்கிற எருமைக் கொட்டகையின் தண்ணீர்த் தொட்டியில் இறங்கியது. பள்ளமான மேஜையில் வைத்து ஒட்டிய இறக்கை, அந்தப் பள்ளத்தை அப்படியே வாங்கிக்கொண்டு காய்ந்திருந்தது. பசை காய்ந்த பிறகு நிமிர்த்த முடியாது. தபேலாக்காரர் விமானத்தின் வாலைப் பிடித்துத் தூக்கி, செத்த கோழியைக் கொடுப்பது போலக் கொடுத்தார்.

கிறிஸ்டோபருக்கு வயது அறுபத்திரண்டு. புனேவில், கட்கியில் ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவர். மற்றவர்கள் செய்ததை அளந்து, தேறாததன் மேல் சிவப்புச் சாக்கட்டியால் குறுக்குக்கோடு போடுவது வேலை. கீழே விழுந்து வெடிக்கிற சாமான்களையே ஆயுள் முழுக்க அளந்த மனிதருக்கு, மேலே போய் மெதுவாக இறங்குகிற ஒன்றைத் தன் கையால் செய்ய வேண்டும் என்று ஆசை. ஓய்வு பெற்றதும் ஆரம்பித்தார். ஆனால் சாங்வியில் இரண்டே அறை உள்ள வீட்டில் அதற்கு இடம் ஏது?

மேரி ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ரசப் பாத்திரத்தோடு வந்து மேஜைக்குப் பக்கத்தில் நிற்பாள். "இத எங்க வைக்க?" என்பாள். அவ்வளவுதான். கிறிஸ்டோபர் உடனே இறக்கையைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். மறுநாள் காலையில் விளக்குமாறு அதைக் கண்டுபிடிக்கும்.

அந்த மேரி இப்போது கோயம்புத்தூரில் இருந்தாள். மகள் கீர்த்திக்குப் பிரசவம் என்று போனவள். குழந்தை பிறந்து, பேர் வைத்து, குப்புற விழவும் ஆரம்பித்துவிட்டது. அவள் திரும்பியபாடில்லை.

போன் அடித்தது.

"கீர்த்தியப்பா, வியாழக்கிழமைக்கு டிக்கெட் போட்டாச்சு. சாப்டீங்களா?"

"சாப்பிட்டேன். வியாழக்கிழமையா?"

"ஏன், வரவேண்டாமா?"

"சே, அதுக்கில்ல. நல்லா இருந்துட்டு வா. இங்க என்ன அவசரம்?"

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் சொல்ல வந்தது வேறு. கல்யாணமான நாளிலிருந்து மேரியைப் பார்த்து அவர் வெறுமனே 'வா' என்று கூப்பிட்டதே கிடையாது. கூப்பிட வேண்டிய தூரத்தில் அவள் இருந்ததில்லை. இப்போது அந்த ஓரெழுத்து வார்த்தை தொண்டை வரை வந்து, அங்கேயே திரும்பிப் படுத்துக்கொண்டது.

போனை வைத்தவருக்கு ஒரு கணக்கு உதித்தது. வியாழக்கிழமைக்குள் தனியாக ஒரு மேஜை செய்து படுக்கையறையில் போட்டுவிட்டால்? வந்து பார்ப்பவள் ஒருநாள் முணுமுணுப்பாள், மறுநாள் பழகிவிடுவாள். ரசத்துக்கும் விமானத்துக்கும் சண்டையே இருக்காது.

அவர் கீழே இறங்கிக் கவுஸின் கடைக்குப் போனார்.

கவுஸ் ஆம்பூர்க்காரர். அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் பிளைவுட் கடை, மூன்றாவது மாடியில் கிறிஸ்டோபருக்கு அடுத்த வீடு.

"பாய், சமமா ஒரு பலகை வேணும்."

"சமமா இல்லாம நான் என்ன சுருட்டியா விக்கிறேன்?"

"அப்படியில்ல. கண்ணாடி மாதிரி சமமா. ஒரு தாள் கூட அடியில நுழையக் கூடாது."

"அண்ணே, அது மேல என்ன செய்யப் போறீங்க? ஆபரேஷனா?"

விவரம் கேட்ட கவுஸ் கனமான பலகை ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். கிறிஸ்டோபர் கால் அறுத்து, சட்டம் பூட்டி, பலகையை மேலே வைத்து முறுக்கினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே புனே மழை. நசநசவென்று, நிற்கவும் நிற்காமல் கொட்டவும் கொட்டாமல் ஒரு வாரமாகப் பெய்துகொண்டிருந்தது. விடிந்து பார்த்தால் பலகையின் ஒரு மூலை எண்ணெயில் விழுந்த அப்பளம் மாதிரி எழும்பி நின்றது.

அவர் சுவரிலிருந்த தமிழ் நாட்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து அளவுகோலுக்கு அடியில் செருகினார். தாராளமாக நுழைந்தது. சிவப்புப் பென்சிலை எடுத்துத் தன் மேஜையின் மேலேயே குறுக்குக்கோடு போட்டார்.

கவுஸின் மனைவி சஃபியா வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு கிண்ணம் தால்சா.

"அண்ணே, தட்டுற சத்தம் நின்னுச்சே, முடிஞ்சிருச்சா?"

"இல்லம்மா. தேறல. மறுபடியும் முதல்லேர்ந்து."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு வாரமாவது ஆகும். சத்தம் ரொம்ப தொந்தரவா இருக்கா?"

"சத்தம் கிடக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். பொறுமையுள்ள பெண் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மேரி கூப்பிட்டாள். "குழந்தைக்குச் சளிங்க. வியாழக்கிழமை முடியாது போல. டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டேன்."

"அதனால என்ன, இருந்துட்டு வா," என்றார். மேஜைக்கு நேரம் கிடைத்ததே என்று ஒரு நிம்மதி வந்தது. பிறகு சமையலறைக்குப் போனார். அடுப்பில் காப்பி பொங்கியது. இறக்கி, ஆற்றி, ஊற்றி வைத்த பிறகுதான் கவனித்தார், வழக்கம்போல இரண்டு டம்ளர். ஒன்றைக் குடித்தார். இன்னொன்று ஏடு கட்டும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதையும் குடித்தார்.

அடுத்த யோசனை கவுஸுடையது.

"கதவு போடுங்க அண்ணே."

"எதுக்கு?"

"மேஜைக்கு. யோசிச்சுப் பாருங்க, கதவு வளைஞ்சிருந்தா எந்த வீட்ல சாத்த முடியும்? உலகத்துலயே சமமான சாமான் கதவுதான். ஆனா இப்ப ஸ்டாக் இல்ல. மழைல லாரி வரல."

லாரிக்குக் காத்திருக்கும் பொறுமை கிறிஸ்டோபருக்கு இல்லை. வீட்டுக்கு வந்து படுக்கையறைக் கதவின் மேல் அளவுகோலை வைத்துப் பார்த்தார். ஒரு சொட்டு வெளிச்சம் கூட இல்லை. இத்தனை வருஷமாக இப்படி ஒரு பொக்கிஷத்தைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்திருக்கிறோமே என்று வருத்தப்பட்டார். அரைமணியில் கீல்கள் கழன்றன. கதவு சட்டத்தின் மேல் ஏறிப் படுத்தது. கைப்பிடி இருந்த ஓட்டை ஒரு ஓரமாக அவரை வெறித்துப் பார்த்தது. அதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

மேஜை சமமாக இருந்தது. ஆனால் ஆடியது.

தரைதான் கோணல். ஒரு காலுக்கு அடியில் அட்டை வைத்தால் எதிர்க் கால் கோபித்துக்கொண்டு எழுந்தது. அங்கே வைத்தால் இங்கே. கடைசியில் சட்டத்தைச் சுவரோடு சேர்த்து போல்ட் போட்டுவிடுவது என்று முடிவு செய்து, கவுஸின் டிரில் மெஷினை வாங்கி வந்தார். முதல் ஓட்டை சுலபமாகப் போயிற்று. இரண்டாவதும். மூன்றாவது ரொம்பவே சுலபமாகப் போனது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நிதானமான குரல் கேட்டது. "அண்ணே, உங்க ஊசி என் மிளகாய்த்தூள் டப்பா பக்கத்துல வந்து நிக்குது. இன்னும் வருமா, இல்ல அவ்வளவுதானா?"

கிறிஸ்டோபர் மெஷினை நிறுத்தினார். "மன்னிச்சிரும்மா. நான் வந்து பூசித் தர்றேன்."

"பூச்செல்லாம் மெதுவா பாத்துக்கலாம். மேஜை முடிஞ்சிருச்சா, அதைச் சொல்லுங்க."

"சுவர் வேலைக்காவாது போல. தனியா கனமா கால் போடணும்."

சுவருக்கு அப்பால் ஒரு பெருமூச்சு.

அந்த வாரம் மேரி வரவில்லை. தடுப்பூசி போட்டுக் குழந்தைக்குக் காய்ச்சலாம்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனைக்குப் போனார். ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்தபடி, பாட்டுப் புத்தகத்துக்கு மேலாகப் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். தூணுக்குப் பக்கத்தில், மேரி உட்காரும் இடத்தில் யாரோ ஒரு குண்டு அம்மாள். மேரி பாடும்போது ஒரு வார்த்தை முன்னதாகவே பாடிவிடுவாள். சபையே பின்னால் வருகிற மாதிரி இருக்கும். அது எரிச்சலாக இருந்த காலம் உண்டு. இன்று எல்லாரும் சரியாகச் சேர்ந்து பாடினார்கள். அவருக்குப் பாட்டே ஏறவில்லை.

"மேரியக்கா எப்ப வாராங்க?" என்று வாசலில் ஒருவர் கேட்டார்.

"வருவா," என்றார்.

வீட்டுக்கு வந்து கோபத்தை மரத்தின் மேல் காட்டினார். கோவில் தூண் மாதிரி கால்கள் வாங்கி வந்து பூட்டினார். குறுக்குச் சட்டங்கள். அடித்தட்டு. அதன் மேல் மணல் மூட்டைகள். இப்போது யானை மோதினாலும் மேஜை ஆடாது. ஆனால் இந்தச் சமாசாரம் முழுவதும் உள்ளே நிற்க வேண்டுமென்றால் கட்டில் வெளியே போக வேண்டும். கட்டிலைக் கழற்றி, கேலரி என்று பேர் பெற்ற சின்னப் பால்கனியில் சாத்தினார். கேலரியிலிருந்த துணிக்கொடி ஹாலுக்கு வந்தது. ஹாலில் ஈர வேட்டிகளுக்கு நடுவே பாய் போட்டுப் படுத்தார்.

காலையில் வேறொன்று தெரிந்தது. மேஜையின் கால் மேரியின் பீரோவுக்கு முன்னால் நின்றது. பீரோவைத் திறக்க முடியவில்லை. கல்யாணப் பட்டிலிருந்து கிறிஸ்மஸ் புடவை வரை எல்லாம் உள்ளே. மேஜையை நகர்த்தலாமென்றால், மணல் மூட்டை கனத்தில் அது ஒரு அங்குலம் கூட அசையவில்லை. உறுதியாகச் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார். உறுதியாகவே செய்துவிட்டார்.

சரியாக அந்நேரம் பார்த்து வீடியோ கால்.

கிறிஸ்டோபர் போனை முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டார். பின்னால் எதுவும் தெரியக் கூடாது.

"என்னங்க, மூக்கு மட்டும்தான் தெரியுது. கொஞ்சம் தள்ளிப் பிடிங்க."

"நெட்வொர்க் சரியில்ல."

"நெட்வொர்க்குக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம்? பின்னால என்ன, வேட்டி தொங்குது ஹால்ல?"

"மழை."

மேரி அவர் மூக்கையே உற்றுப் பார்த்தாள். குழந்தையைக் காட்டினாள். குழந்தை போனை நக்கியது.

"வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன வேலை? ரிட்டயர் ஆனவன். ஒரு வேலையும் இல்ல."

"சரி. வேற ஒண்ணும் சொல்லணுமா?"

இருந்தது. தொண்டைக்குள் அந்த வார்த்தை எழுந்து உட்கார்ந்தது. ஆனால் கதவில்லாத அறையும், கட்டிலில்லாத வீடும், திறக்க முடியாத பீரோவும் ஒன்றுசேர்ந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தன. இந்தக் கோலத்தில் எந்த முகத்தோடு கூப்பிடுவது?

"கறிவேப்பிலைக்குத் தண்ணி ஊத்திட்டேன்," என்றார்.

"ம்," என்றாள் மேரி.

ஆடி முடிந்து கணபதி விழா நெருங்கியது. ஆற்றங்கரையில் ஒவ்வொரு சாயங்காலமும் டோல் மேளக் கோஷ்டிகள் பயிற்சி எடுக்க ஆரம்பித்தன. கிறிஸ்டோபர் கைப்பிடி ஓட்டையை மரக்கட்டையால் அடைத்து, தேய்த்து, ரசமட்டத்தை மேஜை மேல் வைத்தார். குமிழி கோடுகளுக்கு நடுவே வந்து நின்றது. பெரிய டோல் ஒன்று விழுந்ததும் குமிழி குதித்தது. விரட்டிக் கொண்டுவந்து நிறுத்தினால் அடுத்த அடி.

"பாய், இந்தச் சத்தத்துல எப்படி மட்டம் பாக்குறது?"

பார்க்க வந்த கவுஸ் மேஜையை உள்ளங்கையால் தடவினார். "அண்ணே, என் கடையில இருக்குற எந்தச் சாமானும் இவ்வளவு சமமா இல்ல. இது முடிஞ்சிருச்சு. நான் சஃபியாகிட்ட போய் முடிஞ்சுதுன்னு சொல்லட்டுமா?"

"அவகிட்ட எதுக்கு?"

"சும்மா. கேட்டுக்கிட்டே இருந்தா," என்று கவுஸ் வேறு பக்கம் பார்த்தார்.

"இருங்க. முடிஞ்சதா இல்லையான்னு நான்தான் சொல்லணும்." நாட்காட்டித் தாளை எடுத்து நான்கு மூலைகளிலும் செருகிப் பார்த்தார். மூன்று மூலைகளில் நுழையவில்லை. நான்காவதில் தாளின் நுனி மட்டும், மனசில்லாமல், கொஞ்சம் உள்ளே போனது.

"ரிஜெக்ட்," என்றார் கிறிஸ்டோபர்.

"அண்ணே, அது தாள் நுனி."

"தாள் நுனியிலதான் இறக்கை முறுக்கும் பாய். இன்னொரு வாரம்."

கவுஸ் தலையில் கை வைத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கே மேரியின் போன் வந்தது. மாப்பிள்ளை ஆபீஸ் விஷயமாகப் பெங்களூர் போகிறார், கீர்த்தி தனியாக இருப்பாள், போட்டிருந்த டிக்கெட்டை மறுபடியும் ரத்து செய்தாகிவிட்டது. குரலில் ஒரு அலுப்பு இருந்தது.

"உங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே?"

"எனக்கென்ன கஷ்டம்? இருந்துட்டு வா."

போனை வைத்துவிட்டு மேஜையின் முன்னால் உட்கார்ந்தார். முதல் முறை சளி. அப்புறம் காய்ச்சல். இப்போது மாப்பிள்ளை. குழந்தையின் சளி மூன்றே நாளில் சரியாகிவிட்டதென்று கீர்த்தியே சொல்லியிருந்தாள். அந்த வீட்டில் சம்பந்தியம்மாளும் கூடவே இருக்கிறாள். அப்புறம் எப்படிக் கீர்த்தி தனியாக இருப்பாள்?

மேரிக்கு வர மனசில்லை. அதுதான் உண்மை.

ஏன் இருக்காது? அங்கே சிரிக்கிற குழந்தை. இங்கே சாப்பாட்டு நேரத்திலும் பசை டியூபோடு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன். விமானம் செய்து என்ன சாதித்தாயிற்று? தொட்டியில் விழுந்து எருமைக்குப் பயம் காட்டியதுதான் மிச்சம். நேராகப் பறக்கிற இறக்கை கிடைத்தாலும், மைதானத்தில் அதை எறிந்துவிட்டு வந்து யாரிடம் சொல்வது? பறந்தது என்று சொன்னால் "சரி, கை கழுவிட்டு வாங்க" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

மறுநாள் விடிந்ததும் எழுந்தார். மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டார். கோவில் தூண் கால்களைக் கழற்றினார். கதவைத் தூக்கிப் பழைய கீலில் மாட்டினார். ஓட்டையை அடைத்த கட்டையைத் தட்டி எடுத்துக் கைப்பிடியைப் பூட்டினார். சுவர் ஓட்டைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்தார். கட்டில் உள்ளே வந்தது, கொடி கேலரிக்குப் போனது. பீரோவைத் திறந்து பார்த்தார். பாச்சா உருண்டை வாசனையோடு மேரியின் புடவைகள் அடுக்கு கலையாமல் இருந்தன. பிறகு மூடினார்.

சாயங்காலத்துக்குள் வீடு மேரி விட்டுப்போன மாதிரியே ஆகிவிட்டது. ஒரு சுருள் மரச்சீவல் கூடக் கிடையாது. கால்களும் சட்டங்களும் மட்டும் வாசலுக்கு வெளியே கட்டாகக் கட்டி நின்றன, கவுஸ் கடைக்குத் திருப்பிக் கொடுக்க.

முகம் கழுவினார். சட்டை மாற்றினார். ஹாலில் உட்கார்ந்து போனை எடுத்தார். இப்போது பயமில்லை, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் காட்டலாம். இன்றைக்குச் சொல்லியே தீருவது. தொண்டையைக் கனைத்து ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"வா."

நன்றாகத்தான் வந்தது. இன்னொரு தடவை, கொஞ்சம் மெதுவாக. "மேரி, வா."

எண்ணைத் தேடி விரல் வைக்கப் போனபோது வாசலில் நிழல் விழுந்தது. சஃபியா நின்றாள். கையில் கிண்ணம் இல்லை, போன்தான் இருந்தது. வெளியே நின்ற கால்களைப் பார்த்தாள். உள்ளே வந்து படுக்கையறைக் கதவைப் பார்த்தாள். கதவைத் திறந்து கட்டிலைப் பார்த்தாள்.

"அண்ணே, மேஜை எங்க?"

"பிரிச்சுட்டேம்மா. இனிமே உங்களுக்குச் சத்தத் தொந்தரவே இருக்காது."

சஃபியா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன வேலை அண்ணே பண்ணி வச்சிருக்கீங்க, 'நான் வந்து நின்னா அந்த மனுஷன் எல்லாத்தையும் கழட்டி வச்சிருவாரு, மேஜை முடிஞ்சுதுன்னு நீ சொல்ற அன்னைக்கே ரயில் ஏறுதேன்'னு மேரியக்கா அங்க ஒவ்வொரு டிக்கெட்டா கேன்சல் பண்ணிக்கிட்டு என் போனுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்களே."